அம்மாவுக்கு வைத்த சித்ரா வால்வு

இதய வால்வை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதுமே "இம்போர்டட் போடுங்க, காசு போனா போகுது" என்று சொல்ல வீட்டுக்கு ஒரு மாமா இருப்பார். எங்கள் வீட்டிலும் இருந்தார். அம்மாவுக்குச் சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருப்பது) சுருங்கிப் போயிருந்தது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், சாயங்காலம் கால் வீங்கி செருப்பு வாரின் தடம் அப்படியே பதிந்து நிற்கும். சர்ஜன் சொன்னபடி நம் நாட்டிலேயே தயாராகும் டிடிகே சித்ரா வால்வையே வைத்தோம். இப்போது மாடிக்குத் துணி காயப்போட அம்மாவே ஏறுகிறார்.

விலை குறைவு என்பதால் மட்டமான சரக்கு என்று நினைக்காதீர்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் இதய சர்ஜன் டாக்டர் வலியத்தானின் குழு முதல் மூன்று வடிவங்களும் சரிப்படாமல் போன பிறகும் விடாமல் உழைத்து உருவாக்கிய நான்காவது வடிவம் இது. ரத்தம் போக வழிவிட்டுத் திறந்து மூடும் தட்டுக்கு நீலமணிக்கல்லை வைத்துக்கூடப் பார்த்திருக்கிறார்கள், அது உடைந்துவிட்டது. கடைசியில் கோபால்ட் குரோமியம் கூண்டுக்குள் உறுதியான ஒருவகை பாலிஎத்திலீன் தட்டு என்று முடிவாகி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அப்புறம் ஆறு மருத்துவமனைகளில் 306 பேருக்கு வைத்துப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். இன்றைக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் வைத்தாயிற்று. தட்டு பிளாஸ்டிக் என்பதால் சத்தமும் குறைவு, ராத்திரி பக்கத்தில் படுத்தால்கூட எனக்குக் கேட்பதில்லை.

வால்வைவிட மாத்திரைதான் பெரிய வேலை. எந்தக் கம்பெனியின் உலோக வால்வாக இருந்தாலும் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் ஆயுளுக்கும் வேண்டும், ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் டெஸ்டும் விடாமல் எடுக்க வேண்டும். அம்மாவுக்கு 2.5 முதல் 3.5க்குள் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். கீரையில் இருக்கும் வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும், அதற்காகக் கீரையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை, ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான். ஒரு பல் டாக்டர், இதய டாக்டரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், பல் பிடுங்க ஐந்து நாள் மாத்திரையை நிறுத்துங்கள் என்றார். நல்லவேளை, நாங்கள் இதய டாக்டருக்குப் போன் செய்து கேட்டோம்.

"டெஸ்டே வேண்டாத புது மாத்திரை வந்திருக்கே, அதுக்கு மாத்திடலாமே" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். உலோக வால்வு வைத்தவர்களுக்கு அப்படிப்பட்ட ஒரு புது மாத்திரையான டாபிகட்ரானைக் கொடுத்துப் பார்த்த ரீ-அலைன் ஆய்வை 2013க்குள்ளேயே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று, வார்ஃபரின் எடுத்தவர்களைவிட ரத்தக்கட்டியும் அதிகம், ரத்தக்கசிவும் அதிகம்.

என் கணக்கில் ஐந்துக்கு ஐந்து. ஆனால் எல்லோருக்கும் இதுதான் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். வயதானவர்களுக்குப் பெரும்பாலும் மாடு, பன்றியின் திசுவால் செய்த திசு வால்வையே சொல்வார்கள், சின்ன வயதில் வைத்தால் அது சீக்கிரம் தேயும். குழந்தை பெறும் எண்ணமுள்ள பெண்கள் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் மனம்விட்டுப் பேசிவிடுங்கள், கர்ப்ப காலத்தில் வார்ஃபரின் கருவைப் பாதிக்கும்.