வரைவது தம்பி, மறுப்பது அக்கா: அல்சூரில் ஓர் ஆரித் தையலகம்

பெங்களூரில் ரவிக்கைக்கு ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் போடும் பூவேலை, செய்து தரும் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. சிக்பேட்டையில் புடவை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் இரண்டு பேராவது விலாச அட்டையை நீட்டிவிடுவார்கள். பெரும்பாலான இடங்களில் நடப்பது ஒன்றுதான்: கைப்பேசியில் வரிசையாகப் படங்களைக் காட்டுவார்கள், நாம் ஒன்றைத் தொட்டுச் சொல்வோம், ஊரெல்லாம் பார்த்த அதே மயில் நம் முதுகிலும் வந்து உட்காரும். அல்சூர் சோமேசுவரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், குறுகலான மாடிப்படி ஏறிப் போக வேண்டிய சிறிய தையலகம் ஒன்றை ஓர் அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்துகிறார்கள். அங்கே படப் புத்தகம் கிடையாது. வருகிற ஒவ்வொருவருக்கும் தம்பி புதிதாக வரைகிறார். அதில் எது துணியில் நிற்கும், எது நிற்காது என்று அக்கா தீர்ப்புச் சொல்கிறார். அந்தக் கடையின் பலம் அதுதான். அங்கே படும் தொல்லைக்குக் காரணமும் ஓரளவு அதுதான்.

என் அண்ணன் மகளின் திருமணத்துக்கு உடுத்தவிருந்த அரக்கு நிறக் காஞ்சிப் பட்டின் ரவிக்கைத் துணியை அங்கே கொடுத்தேன். முதுகில் ஓர் அன்னப்பட்சி ஜோடி வேண்டும் என்பது மட்டுமே என் விருப்பம். அதைக் கேட்டுக்கொண்ட அக்கா, முந்தானையை மடித்துப் பின் குத்துவீர்களா, ஒற்றையாகக் கையில் விடுவீர்களா என்று கேட்டார். ஒற்றை முந்தானை என்றால் இடது கையும் முதுகின் இடப்பாதியும் மறைந்துபோகும். அங்கே செய்யும் வேலை புடவைக்கு அடியில் கிடப்பதோடு, கல்லும் மணியும் உள்ளிருந்து உராய்ந்து பட்டின் இழையையும் இழுத்துவிடும். நான் ஒற்றையாக விடுபவள் என்றதும், இடது கைக்கு ஓரத்தில் மெல்லிய கொடி ஒன்று போதும், மிச்சப்படும் பணத்தை வலது கைக்குப் போடலாம் என்று அவராகவே சொன்னார். தம்பி அதைக் கேட்டுக்கொண்டே, அன்னங்கள் எதிரெதிராக நிற்பதற்குப் பதிலாக வலத் தோளை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக ஏறுவதுபோல் ஒரு தாளில் கிறுக்கினார். வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் ஆரிக் கடையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வரைபடம் தயாரானதும் எங்களை வரவழைத்துக் காட்டினார்கள். காகிதத்தில் அது மிக அழகாகவே இருந்தது. வால் ஏழு இறகுகளாக விரிந்து, ஒவ்வொன்றின் நுனியும் சுருண்டு உள்ளே போயிற்று. அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தச் சுழியில கம்பி எழும்பி நிக்கும்டா, மூணு இறகா வரை" என்றார். "சின்னதா வெட்டிப் போடுக்கா" என்று தம்பி விடாப்பிடியாக நின்றார். "வெட்டலாம், ரெண்டு நாள் கூடும். கூலி நீ குடுக்கிறியா?" வாடிக்கையாளர் முன்னிலையில் இப்படிப் பேசிக்கொள்வது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம், என்னுடன் வந்திருந்த நாத்தனாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் விஷயம் இருந்தது. சர்தோசி என்பது நுண்ணிய சுருள்கம்பி; வேண்டிய நீளத்துக்கு அதைத் துண்டாக்கி, ஊசியில் கோத்துத் துணியில் பதிக்கிறார்கள். நேர்கோட்டில் நீளத் துண்டு அடங்கிப் படுக்கும். இறுக்கமான வளைவிலோ மேலே எழும்பிவிடும், அல்லது சுருள் விலகி உள்ளே ஓடும் நூலைக் காட்டிக்கொடுக்கும். கடைசியில் ஐந்து இறகு என்று இருவரும் ஒத்துக்கொண்டு, நுனிச் சுழிகளை மட்டும் பட்டு நூல் சங்கிலித் தையலில் முடிப்பது என்று தீர்மானித்தார்கள். அணிந்து பார்த்தபோது எல்லோருடைய கண்ணும் போனது அந்தச் சுழிகளின் மேல்தான்.

வேலை நடக்கும் முறையைப் பக்கத்தில் இருந்து பார்க்க அங்கே யாரும் தடை சொல்வதில்லை. டிரேசிங் தாளில் கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, துணியின் மேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த ஜிங்க் பவுடரைத் துணிப் பந்தால் தேய்க்கிறார்கள். தாளை எடுத்தால் அரக்குப் பட்டில் வெள்ளைப் புள்ளிகளாக அன்னம் தெரிகிறது. ரவிக்கையை வெட்டுவதற்கு முன்பே அளவுக்கோடுகளைக் குறித்து, முழுத் துணியாகவே சட்டத்தில் இழுத்துக் கட்டுகிறார்கள். அடியில் இருந்து இடது கை நூலைக் கொடுக்க, மேலே வலது கை ஆரி ஊசியின் கொக்கியால் அதை இழுத்து இழுத்துச் சங்கிலியாக்குகிறது. அக்காவுடன் இன்னும் இருவர் சட்டத்தில் உட்காருகிறார்கள். முகம், கண், அலகு ஆகியவற்றை மட்டும் அவர் வேறு யாரிடமும் விடுவதில்லை.

முடிந்த வேலையை வாங்கியதும் துணியைத் திருப்பித்தான் பார்த்தேன். சங்கிலித் தையலின் கடைசிக் கண்ணியைச் சரியாகப் பூட்டாவிட்டால், ஒரு முனையை இழுத்தாலே வரிசை முழுவதும் பிரிந்து வந்துவிடும். இங்கே ஒவ்வொரு வரிசையும் பூட்டப்பட்டிருந்தது. நூல் வால்கள் நறுக்கப்பட்டிருந்தன. தையல் ஓட வேண்டிய ஓரங்களில் அரை அங்குலம் வெறுமையாக விட்டிருந்ததால், ரவிக்கை தைத்தவருக்கு மணி உடையும் பயமோ ஊசி உடையும் பயமோ இருக்கவில்லை. தையல் கூலி சேராமல் 7,500 ரூபாய் ஆயிற்று. மலிவு என்று சொல்ல முடியாது. ஆனால் எதற்கு எவ்வளவு என்று ரசீதில் பிரித்து எழுதித் தந்தார்கள். சர்தோசி அசல் வெள்ளிக் கம்பி அல்ல, முலாம் பூசியது, நாளடைவில் கறுக்கும், அதன் மேல் சென்ட் அடிக்கக் கூடாது என்பதையும் முன்பணம் வாங்குவதற்கு முன்பே சொன்னார்கள்.

இந்தக் கடைக்கென்று தனியாகப் போக வேண்டுமானால் அது, வாசல் கோலங்களைக் கசூத்தி என்னும் கைப் பூவேலையில் தைத்துத் தரும் கோல வேலைக்காகத்தான். வடகர்நாடகத்தின் தார்வாட் பக்கத்துக் கசூத்திக்கு 2006இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் துணியின் மேல் எதையும் வரைவதில்லை. இழைகளை எண்ணியே தைக்க வேண்டும், முடிச்சும் போடக் கூடாது. கவந்தி என்னும் தையலில் ஊசி ஓர் இழைக்கூட்டத்தை விட்டு ஒன்றாகப் போய், திரும்பி வரும்போது விட்ட இடங்களை நிரப்பும். ஆகவே முன்புறமும் பின்புறமும் ஒன்றுபோலவே இருக்கும். கோபுரமும் தேரும் யானையும் துளசி மாடமும்தான் இதன் வழக்கமான உருவங்கள். கிடை, நிலை, சாய்வு என்ற நேர்கோடுகளுக்குள் அடங்குவது எதுவும் கவந்திக்கும் அடங்கும் என்பதைப் பிடித்துக்கொண்ட தம்பி, நம் வீட்டு வாசலில் போடும் படிக்கோலங்களைக் கட்டத்தாளில் எழுதிக் கொடுக்க, அக்கா அவற்றைப் பருத்திப் புடவையின் கரையை ஒட்டித் தைத்திருக்கிறார். சிக்குக் கோலம் வளைந்து வளைந்து போவதால் இழைக் கணக்குக்குள் நிற்காது. அதை மட்டும் ஆரியின் சங்கிலித் தையலுக்கு மாற்றிவிட்டார்கள். பட்டில் இழையை எண்ண முடியாது என்பதால், மேலே கேன்வாஸ் துணி ஒன்றை வைத்துத் தைத்து, முடிந்த பிறகு அதன் இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுக்கிறார்கள். மல்லேசுவரத்தில் இருந்து வந்திருந்த கன்னட அம்மாள் ஒருவர் கோலக் கரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எந்த ஊர்க் கசூத்தி என்று கேட்டார். தம்பி திண்டிவனம் என்றார்.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரியை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அது முழுக்கத் தம்பியின் பொறுப்பு. படத்தைக் கணினிக் கோப்பாக மாற்றி வெளியே ஓர் இயந்திரக் கூடத்தில் அடித்து வாங்கி, ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறார். அக்கா அதில் தலையிடுவதில்லை, தலையிடவில்லை என்பது துணியில் தெரிகிறது. என் மகனின் மெல்லிய பருத்திக் குர்தாவில் தையல் அளவுக்கு மீறி நெருக்கமாக விழுந்து, சுற்றிலும் துணி சுருங்கிவிட்டது. அடியில் வைத்த தாளையும் முழுவதும் கிழித்து எடுக்காததால் கழுத்தை அறுத்தது. முறையிட்டதும் தாளை எடுத்துக் கொடுத்தார்கள். சுருக்கத்துக்கு ஒன்றும் செய்ய இயலவில்லை.

இன்னொரு குறை தேதி. அக்கா ஆர்டரை நோட்டில் எழுதுகிறார். தம்பி வாட்ஸப்பில் வாங்குகிறார். ஒன்று மற்றொன்றுக்குத் தெரிவதில்லை. எனக்கு வெள்ளிக்கிழமை என்று ஒருவரும் அடுத்த புதன்கிழமை என்று மற்றவரும் சொன்னார்கள், புதன்தான் நடந்தது. ஆவணி, தை, வைகாசி முகூர்த்தங்களுக்கு முன் கொடுப்பவர்கள், நோட்டிலேயே இருவரையும் கையெழுத்துப் போடச் சொல்வது நல்லது. நான் அப்படிக் கேட்டபோது சிரித்துக்கொண்டே போட்டார்கள்.

அவசர வேலைக்கும், இணையத்தில் பார்த்த நடிகையின் ரவிக்கை அப்படியே வேண்டும் என்பவர்களுக்கும் இந்த இடம் சரிப்படாது. பிறர் வரைந்ததைப் பார்த்துச் செய்து தரச் சொன்னால் தம்பி முகம் சுளிப்பார். போவதாக இருந்தால் மாலை நாலு மணிக்கு மேல் போங்கள். அதுவரை தம்பி வெளிவேலையாகச் சுற்றிக்கொண்டிருப்பார். அக்கா மட்டும் இருக்கும்போது ஆர்டர் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் அந்த வாக்குவாதம் கிடைக்காது.