கிராம்புத் தைலம்: பல் டாக்டரைப் பார்க்கும்வரை தாக்குப்பிடிக்குமா?

பல்வலிக்கென்று வீட்டில் ஒரே ஒரு பொருள்தான் வாங்கி வைக்கலாம் என்றால் நான் கிராம்புத் தைலத்தைத்தான் சொல்வேன். ஆனால் அதை வைத்தே டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடலாம் என்று நினைப்பவர்கள் வாங்கவே வேண்டாம்.

மெடிக்கலிலும் நாட்டு மருந்துக் கடையிலும் குட்டி பாட்டிலில் கிடைக்கிறது, விலையும் கையைக் கடிக்காது. திறந்தவுடன் வீடே பிரியாணி மணக்கும். எனக்குச் சொத்தை இருப்பது கீழ்க்கடைவாய்ப் பல்லில், அந்தக் குழியில் ஒரு சோற்றுப் பருக்கை மாட்டினாலே காதுவரை இழுக்கும், அதனால் தைலத்தைத் தொடுவதற்கு முன் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு நன்றாகக் கொப்பளித்துவிடுவேன். சில சமயம் அதிலேயே பாதி வலி போய்விடும். அப்புறம் நாலைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டுத் தைலம், அதில் மிளகளவு பஞ்சைத் தொட்டு, பிழிந்து, குழிக்குள் மட்டும் வைக்க வேண்டும். முதலில் சுரீரென்று எரியும், எச்சில் ஊறும், நாக்கின் ஓரம் மரத்துப்போகும், அதன் பிறகு வலி மெதுவாக இறங்கும். அரை மணி நேரம் நிம்மதி, அதிர்ஷ்டமிருந்தால் கொஞ்சம் கூட.

இதைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கவும் முடியாது. மரத்துப்போக வைப்பது கிராம்பில் இருக்கும் யூஜெனால். பல் டாக்டர்கள் தற்காலிகமாகக் குழியை அடைக்கும் சிமென்ட்டிலேயே துத்தநாக ஆக்சைடோடு இதைக் குழைப்பதுண்டு.

குறை என்றால் பாட்டில்தான். சொட்டு விடும் மூடி கிடையாது, லேசாகச் சாய்த்தாலே கொட்டுகிறது, லேபிளில் 'தேவையான அளவு தடவவும்' என்று போட்டிருக்கிறார்கள், வலியில் துடிக்கிறவனுக்குத் தேவையான அளவு என்றால் முழு பாட்டில்தானே! கலக்காமல் ஈறில் தடவினால் புண்ணாகிவிடும். விழுங்கக் கூடாது, குழந்தைகளுக்கு வைக்கவே கூடாது, பாட்டிலும் அவர்கள் கைக்கு எட்டக் கூடாது, சின்னக் குழந்தை கொஞ்சம் குடித்தாலே கல்லீரல் வரை பாதிக்கும்.

இன்னொன்று, வலி வேருக்குக் கீழே இருந்தால், அதாவது கடித்தாலே உயிர் போகிறது, படுத்தால் விண்விண் என்று தெறிக்கிறது என்றால், தைலம் பெரிதாக ஒன்றும் செய்யாது. அந்த ராத்திரியை ஓட்ட மாத்திரைதான். பெரியவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு இபுப்ரூஃபன் 400 மில்லிகிராம் நன்றாகக் கேட்கும். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், டெங்கு சந்தேகம் இருப்பவர்கள் அதைத் தொடாமல் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தலையணையைக் கூடுதலாக ஒன்று வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தால் தெறிப்பு குறையும். கன்னத்துக்கு ஒத்தடம் கொடுப்பதானால் ஐஸை துணியில் சுற்றிக் கொடுங்கள், வெந்நீர் வேண்டாம். ஆஸ்பிரினைப் பல்லுக்குப் பக்கத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது, அது ஈறைச் சுட்டுவிடும். மெடிக்கலில் நாமே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவதும் வீண்வேலை, குழி அப்படியேதான் இருக்கும்.

முகம் வீங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமமாக இருந்தாலோ தைலப் பாட்டிலைத் தேடாதீர்கள், நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மற்றபடி மறுநாள் காலை கிளினிக் திறந்ததும் போய் உட்காருங்கள், எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று மறக்காமல் சொல்லுங்கள், அந்தப் பஞ்சையும் எடுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.