ஆர்ச்சரி ரேஞ்ச்ஃபைண்டர்னு கோல்ஃப் மெஷினை தலையில கட்டுறாங்க, உஷார்!

வில்வித்தைக்கு ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது லேசர்ல தூரம் அளக்கற கருவி, ஆன்லைன் விளம்பரத்தைப் பாத்து வாங்கி 9,450 ரூபாய் போச்சு. அதே விளம்பரம் இப்பவும் ஓடிக்கிட்டிருக்கு, அதான் சூடு ஆறுறதுக்குள்ள எழுதறேன். எப்படிப் பாத்து வாங்கணும்னு கடைசியில சொல்றேன்.

விளையாட்டுச் சாமான் விக்கிற ஒரு ஆன்லைன் தளம். "ஆர்ச்சரி, ஹன்டிங், கோல்ஃப் எல்லாத்துக்கும்"னு தலைப்பு, பக்கத்துல கொம்பு வச்ச மான் படம். இங்க மான் மேல அம்பு விட்டா 1972 வனவிலங்குச் சட்டத்துல உள்ள போகணும், அது வேற கதை. நான் இதை வாங்கினது ஃபீல்ட் ஆர்ச்சரி (மேடு பள்ளத்துல நடந்து போய் டார்கெட்டை அடிக்கிற வில்வித்தை) பயிற்சிக்கு. தூரம் எழுதாத டார்கெட் 10லிருந்து 55 மீட்டருக்குள்ள எங்க வேணா நிக்கும். போட்டிக்குள்ள கருவியை எடுத்துட்டுப் போக முடியாது. பயிற்சியில மட்டும் முதல்ல கண்ணால மதிப்பிட்டு, அப்புறம் கருவியில சரிபாக்கணும்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி சாட்ல கேட்டது ஒரே கேள்வி: "மேட்டுல, பள்ளத்துல இருக்கிற டார்கெட்டுக்கு கிடைமட்ட தூரம் காட்டுமா?" உடனே பதில்: "யெஸ் சார், ஆர்ச்சரி மோட் இருக்கு, 100 பர்சென்ட் கேரன்ட்டி." அந்த ஒரு வரியை நம்பித்தான் 9,450 கட்டினது.

வந்தது சுத்தமான கோல்ஃப் மெஷின். "ஸ்லோப்" (சாய்வு)னு ஒரு பட்டன், அதைத்தான் ஆர்ச்சரி மோடுங்கறாங்க. ரெண்டும் ஒண்ணே இல்ல. அம்பு எவ்வளவு இறங்கும்கறது கிடைமட்ட தூரத்தைப் பொறுத்தது, அதனால மேடானாலும் பள்ளமானாலும் தூரம் குறைஞ்சுதான் காட்டணும். 40 மீட்டர், 20 டிகிரி சாய்வுன்னா 37.6. 30 டிகிரின்னா 34.6. கோல்ஃப் பந்து மேட்டுல ஏறி விழணும், அதனால அந்த மெஷின் மேட்டுக்குக் கூட்டும், பள்ளத்துக்குக் கழிக்கும். 37.6 வர வேண்டிய இடத்துல 50 பக்கம் காட்டுது! அதை நம்பி சைட்டை (வில்லுல குறி பாக்கற கருவி) வச்சா ரீகர்வ் (முனை வெளிப்பக்கம் வளைஞ்ச வில்) அம்பு டார்கெட்டைத் தாண்டி புதருக்குள்ள. பள்ளத்துக்கு அடிச்சா தேவைக்கு மேல கழிச்சுடுது, அம்பு தரையில குத்துது.

இதெல்லாம் சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. 50 மீட்டர்ல தூரக் கணக்கு 1 மீட்டர் தப்பினாலே காம்பவுண்ட் (கப்பி வச்ச வில்) அம்பு மூணு நாலு சென்டிமீட்டர் ஏறும், இல்ல இறங்கும். 80 சென்டிமீட்டர் ஃபேஸ்ல (டார்கெட் தாள்) நடுவுல அதிக பாயின்ட் தர்ற வளையத்தோட ஆரமே 4 சென்டிமீட்டர்தான். ரீகர்வ்ல அம்பு தப்பறது ரெண்டு மடங்கு.

புகார் குடுத்தா முதல்ல "பேட்டரி மாத்திப் பாருங்க சார்". அப்புறம் "வெயில்ல லேசர் அப்படித்தான் காட்டும்". சாட் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா "அது செல்லர் சொன்னது, நாங்க பொறுப்பில்ல". செல்லரைக் கேட்டா "தூரம் காட்டுதுல்ல? டிஃபெக்ட் இல்ல, ரிட்டர்ன் கிடையாது". மறுபடி தளத்துக்கு எழுதினா "உங்க பிரச்சனை தீர்க்கப்பட்டது"ன்னு டிக்கெட்டை மூடிட்டாங்க. எதைத் தீர்த்தாங்க? 9,450 இன்னும் அவங்க கையிலதான்.

விரிவா எழுதற மனநிலை இப்ப இல்ல. அவசரத்துக்கு இது போதும்.

மொட்டை மாடியிலிருந்து கீழ ஒரு கல்லைக் குறி வச்சு, சாய்வு மோட் போட்டு அளங்க. அப்புறம் அந்தக் கல்லு பக்கத்துல நின்னு மாடியில நீங்க நின்ன இடத்தை அளங்க. ரெண்டு தடவையும், சாய்வு மோட் இல்லாம வர்ற நேர்த் தூரத்தை விடக் குறைஞ்ச, ஒரே எண் வரணும். கீழிருந்து கூடுச்சுன்னா கோல்ஃப் மெஷின், அன்னைக்கே திருப்பி அனுப்புங்க.

"1000 மீட்டர் ரேஞ்ச்"ங்கறதுக்கு மயங்காதீங்க, அது பளபளப்பான போர்டுக்குச் சொல்றது, நமக்குத் தேவையும் இல்ல. கிட்டத்துல 5 மீட்டர் வரைக்கும் அளக்குதா, தசம எண் வருதான்னு பாருங்க. யார்டுல இருந்தா மீட்டருக்கு மாத்துங்க, 50 யார்டு 45.7 மீட்டர்தான். கறுப்பு எழுத்து டிஸ்ப்ளே மர நிழல்ல தெரியாது.

பெட்டியைப் பிரிக்கறதை வீடியோ எடுங்க, சாட்டை சேமிச்சு வைங்க. தளத்தோட குறைதீர் அலுவலருக்கு எழுத்துல புகார் குடுங்க, 48 மணி நேரத்துக்குள்ள ஒப்புகை தரணும்கறது விதி. மசியலன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போடுங்க.