அரசியல் மேடைக்கு இரட்டைக் கண்ணாடி பிராம்ப்டர்: வாடகைக்கு எடுக்கும் முன்

பேச வேண்டிய உரையைப் பேசுபவரின் கண்ணெதிரே ஓட்டிக்காட்டும் கருவிதான் பிராம்ப்டர். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மாநாட்டு அரங்கு, திட்ட விளக்கக் கூட்டம், வெளிநாட்டு விருந்தினர் வரும் விழா, வீடியோ அறிக்கை என்றால் இரட்டைக் கண்ணாடி பிராம்ப்டர் கொடுத்த வாடகைக்கு உழைக்கும். சாயங்காலம் 5 மணிக்குத் தொடங்கும் திறந்தவெளிப் பொதுக்கூட்டத்துக்கு எடுத்தால் பாதி நேரம் தலைவரைத் திணறடிக்கும். வேன் பிரச்சாரத்துக்கு அந்த நினைப்பே வேண்டாம்.

இது ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் மாடலுக்கு மார்க் போடும் கட்டுரை அல்ல. வாடகைக்குக் கிடைக்கும் செட்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். தரம் மாறுவது இரண்டு இடத்தில்: திரையின் வெளிச்சம், கூட வரும் ஆபரேட்டர். தலைவரைப் பற்றி மக்கள் என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள் என்பதில் இந்த இரண்டுக்கும் பங்கு உண்டு.

போடியத்துக்கு இடமும் வலமும் பக்கத்துக்கு ஒரு ஸ்டாண்ட். ஸ்டாண்டின் உச்சியில் ஏறக்குறைய 12 அங்குலச் சதுரத்தில், 45 டிகிரி சாய்த்த கண்ணாடி. அடியில், தரையில், வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் மானிட்டர். அதில் எழுத்து இடவலம் மாறி ஓடும். கண்ணாடியில் பட்டு நேராகிப் பேசுபவர் கண்ணுக்கு வரும். கூட்டத்துக்குக் கண்ணாடி வெறும் கண்ணாடியாகத்தான் தெரியும். கண்ணாடியின் ஒரு முகத்தில் மெல்லிய பூச்சு இருக்கும். அதுதான் விழும் வெளிச்சத்தில் சுமார் 30 சதவீதத்தைத் திருப்பிவிட்டு மீதியை ஊடே அனுப்புகிறது. பூச்சுப் பக்கம் பேசுபவரைப் பார்த்து இருக்க வேண்டும். அவசரத்தில் திருப்பி மாட்டினால் ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு நிழல் எழுத்து விழும். 'ண'வுக்கு எத்தனை சுழி என்று தலைவர் மேடையில் எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

வெளிச்சக் கணக்கு இங்கேதான் இடிக்கிறது. சாதாரண மானிட்டர் 250 முதல் 300 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை வெளிச்சம் தரும். அதில் 30 சதவீதம்தான் கண்ணுக்குத் திரும்புகிறது. அதாவது 100 நிட்டுக்கும் குறைவு. அரங்குக்குள் அது போதும். மேற்கே பார்த்த மேடையில், சாயங்கால வெயில் முகத்தில் அடிக்கும்போது எழுத்து இருந்த இடமே தெரியாது. திறந்தவெளிக்கு என்று எடுத்தே ஆக வேண்டுமென்றால் 1,000 நிட்டுக்கு மேல் உள்ள மானிட்டரா என்று புக்கிங்கின்போதே கேளுங்கள். "அவுட்டோர் செட்" என்று வாயால் சொன்னால் போதாது, மானிட்டர் மாடலைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.

வைக்கும் இடம் அடுத்தது. கண்ணாடியின் நடுப்பகுதி பேசுபவரின் கண் மட்டத்துக்குச் சற்று மேலே, 5 முதல் 6 அடி தூரத்தில். மட்டம் இறங்கினால் கண் இமை தாழ்ந்து, ஏதோ குற்றம் செய்தவர் போல முகம் தெரியும். இரண்டு கண்ணாடி மட்டும் வைத்தால் இன்னொரு சங்கடம்: இடம், வலம், இடம், வலம் என்று டென்னிஸ் பார்ப்பவர் போலத் தலை ஆடும். நடுவில் நிற்கும் டிவி கேமராவை அவர் ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு 'இவர் நம்மிடம் பேசவில்லை' என்று தோன்றும். காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் தோன்றும். நடு கேமராவுக்குக் கீழே பெரிய மானிட்டர் ஒன்றை மூன்றாவதாக வைத்தால் இது தீரும். பெரும்பாலான செட்டுகளில் அது தனி வாடகை. கட்டாயம் எடுங்கள். மூன்றையும் எடுக்கப் பணம் இல்லையென்றால் கண்ணாடியே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

தமிழுக்கென்று சில வேலைகள் தனியாக உண்டு. ஆபரேட்டர்கள் பலர் ஆங்கிலம், இந்தி நிகழ்ச்சிகளில் பழகியவர்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய உரையை அப்படியே ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யூனிகோடுக்கு மாற்றித்தான் கொடுக்க வேண்டும். யூனிகோடிலும் பழைய மென்பொருள்கள் கொம்பைப் பிரித்துக் காட்டும். "கொக்கு, கோயில், பௌர்ணமி, ஸ்ரீரங்கம், மூழ்கியது" என்று ஒரு வரியை முதல் நாளே ஓடவிட்டுப் பாருங்கள். கொம்பு தனியாக, புள்ளிவட்டம் தனியாகத் தெரிந்தால் அந்த மென்பொருள் ஆகாது.

எழுத்துருவைத் தடிமனாக்கினால் நன்றாகத் தெரியும் என்று நினைப்பார்கள். தமிழில் நேர்மாறு. 'ண', 'ன' சுழிகள் அடைத்துக்கொள்ளும். மானிட்டர் வெளிச்சத்தை ஏற்றும்போது மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோகும். "பட்டம்" என்பது "படடம" ஆகும். 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசமே இல்லாத எழுத்துருக்கள் இருக்கின்றன, அவற்றைத் தொடவே வேண்டாம். நடுத்தரத் தடிமன், பெரிய புள்ளி, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. கண்ணாடியில் ஒரே நேரத்தில் 5 அல்லது 6 வரி, வரிக்கு 2 அல்லது 3 சொல். அதற்கு மேல் போனால் கண் இடவலமாக ஓடுவது முன்வரிசைக்குத் தெரிந்துவிடும்.

வரியை அகலத்துக்காக உடைக்காமல் மூச்சுக்காக உடைக்க வேண்டும். "இந்தத் திட்டத்தின் கீழ் / இதுவரை பயன்பெற்ற / குடும்பங்களின் எண்ணிக்கை" என்று ஓடினால் வாசிக்கலாம். மென்பொருள் தானாக மடக்கினால் "திட்டத்தின் கீழ் இதுவரை / பயன்பெற்ற குடும்பங்களின்" என்று வெட்டி, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தவைக்கும். "செயல்படுத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது" போன்ற சரக்கு ரயில்களை உரையிலிருந்தே இறக்கிவிடுங்கள்; "நடந்துகொண்டிருக்கிறது" போதும். தொகைகளை எண்ணாக விடாமல் சொல்லாக எழுதுங்கள். எட்டு இலக்க எண்ணை நின்ற நிலையில் கோடி, லட்சம் என்று பிரிப்பது கணக்கு வாத்தியாருக்கே கஷ்டம்.

மேடை வேகத்துக்கு நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல் என்று வைத்துக்கொள்ளலாம். 20 நிமிட உரைக்கு 1,800 சொல் போதும். ஆங்கில உரைகளுக்குச் சொல்லும் 130, 140 கணக்கைத் தமிழுக்குப் போட்டால் ஓட்டப்பந்தயம்தான்.

குறிப்புச் சொற்களை உரைக்குள் எழுதாதீர்கள். 2024 ஏப்ரலில் ஜோ பைடன், கூட்டம் "இன்னும் நான்கு ஆண்டு" என்று முழங்க வேண்டிய இடத்தில், அங்கே நிறுத்தும்படி எழுதியிருந்த குறிப்பையும் சேர்த்து வாசித்துவிட்டார். ஒரே ஒரு சொல். அவருடைய வயதைப் பற்றி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பேச்சுக்கு அது தீனியானது. அந்த உரையில் இருந்த விஷயத்தை யாரும் பேசவில்லை. நிறுத்தத்துக்கு மூன்று சாய்கோடு, கைதட்டலுக்கு ஒரு வெற்று வரி என்று வாயால் உச்சரிக்கவே முடியாத அடையாளமாக வையுங்கள்.

ஆபரேட்டர்தான் பாதிப் பொருள். அவர் தலைவரின் குரலைத் தொடர வேண்டும். தலைவர் எழுத்தைத் துரத்தக் கூடாது. வாசிக்கும் வரி எப்போதும் கண்ணாடியின் மேல் மூன்றில் ஒரு பங்கில் நிற்க வேண்டும். தலைவர் உரையை விட்டு விலகிக் குட்டிக்கதை சொல்லத் தொடங்கினால் கையை எடுத்துவிட வேண்டும். விட்ட வரி அங்கேயே நிற்கட்டும், திரும்பி வருவார். புதியவர்கள் இங்கே பதறி அடுத்த பத்திக்கு ஓட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் அந்த ஐந்து விநாடி மௌனம். பத்திக்குப் பத்தி அடையாளம் வைத்து, ஒரே பொத்தானில் தாவும்படி செய்திருக்கிறாரா என்று பாருங்கள். குரலைக் கேட்டுத் தானே நகரும் வசதி உண்டு என்று விற்பார்கள். எதிரொலியும் கோஷமும் நிறைந்த மேடையில் அதை நம்ப முடியாது. வாடகை ஆபரேட்டரே வந்தாலும், தலைவரின் பேச்சுப் பழக்கம் தெரிந்த உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

யார் வீட்டு ஆபரேட்டர் என்பது பெரிய இடங்களிலும் சிக்கல்தான். 2025 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் டொனால்ட் டிரம்ப் தொடங்கும்போதே பிராம்ப்டர் ஓடவில்லை. அதை இயக்குபவர் பெரிய சிக்கலில் இருக்கிறார் என்று மைக்கிலேயே சொன்னார். இயக்கியது வெள்ளை மாளிகைத் தரப்புதான் என்றது ஐ.நா. தரப்பு. 1993 செப்டம்பரில் பில் கிளிண்டன் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் அறிவிக்க நின்றபோது, கண்ணாடியில் ஓடியது வேறொரு பழைய உரை. திரை சரியாகும் வரை சில நிமிடங்கள் அதைப் பார்க்காமலே பேசினார். பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு செய்தி வெளியே வந்தபோது அது அவருக்குப் பெருமையாகவே சேர்ந்தது. பழுது ஒரே ரகம்தான். ஒருவர் பொருள் தெரிந்தவர் என்று பெயர் வாங்குவதும், இன்னொருவர் மாட்டிக்கொள்வதும் கண்ணாடி அணைந்த பிறகு வரும் முதல் ஒரு நிமிடத்தில் நடக்கிறது.

2022 ஜனவரி 17 அன்று உலகப் பொருளாதார மன்றத்தின் இணையவழிக் கூட்டத்தில் நரேந்திர மோடியின் உரை நடுவில் நின்றபோது, பிராம்ப்டர் நின்றுவிட்டது என்று எதிர்க்கட்சிகள் கேலி செய்தன. ஒலி சரியாகப் போகிறதா என்று இடையில் கேட்டதுதான் காரணம் என்றது மறுதரப்பு. பிராம்ப்டர் வைத்துப் பேசுபவர் என்று ஒருவருக்குப் பெயர் வந்துவிட்டால், எந்தத் தடங்கலும் அதன் கணக்கில்தான் எழுதப்படும். வாங்கும்போது யாரும் சொல்லாத செலவு இது.

அப்படியானால் மனப்பாடம் செய்து பேசலாமே? பிரிட்டனில் 2005-இல் பிளாக்பூல் மாநாட்டில் தாளில்லாமல் பேசி டேவிட் கேமரன் கன்சர்வேடிவ் கட்சித் தலைமைப் போட்டியில் முன்னுக்கு வந்தார். 2014-இல் மான்செஸ்டரில் தொழிற்கட்சித் தலைவர் எட் மிலிபாண்டும் அதே முறையில் பேசினார். நாட்டின் நிதிப் பற்றாக்குறை பற்றிய பகுதியையே மறந்துவிட்டார். மறந்தது நினைவுப் பிழை. எதிரணி அதை அக்கறைப் பிழையாக மாற்றிச் சொன்னது, அதுவே நின்றது. விட்டுவிடவே கூடாத 3 விஷயங்கள் உள்ள உரைக்குக் கண்ணாடியோ தாளோ கண்டிப்பாக வேண்டும்.

தமிழ்நாட்டு மேடையில் தாளுக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. அண்ணா, கருணாநிதி காலத்திலிருந்து நம் காது தாளில்லாத பேச்சுக்குப் பழகியது. ஆனாலும் ஜெயலலிதா 2016 பிரச்சாரத்தில் மேடையில் உட்கார்ந்து, அச்சிட்ட உரையைப் பார்த்தே வாசித்தார், ஆட்சியைத் தக்கவைத்தார். ஸ்டாலினைத் "துண்டுச்சீட்டு" என்று எதிரணி கேலி செய்தது. 2021-இல் அவர் முதல்வரானார். தாள் கண்ணுக்குத் தெரிகிற பொருள். கேலி செய்வார்கள், ஆனால் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. கண்ணாடியின் சிக்கலே அது மறைந்திருப்பதுதான். தானாகப் பேசுகிறார் என்று நம்பவைத்துவிட்டுப் பாதியில் நின்றால், மக்கள் முன்பு கைதட்டியதையும் சேர்த்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

நம் மேடைகளின் அமைப்பும் இதற்கு ஒத்துவராது. தலைவருக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர் நாற்காலியில் இருப்பார்கள். கண்ணாடியில் ஓடும் எழுத்து அவர்களில் பலருக்குத் தெளிவாகத் தெரியும். ஒருவர் போனில் படம் எடுத்தால் உரை முடியும் முன்பே வாட்ஸ்அப்பில் ஓடும். பொன்னாடை போட வருபவர்கள் ஸ்டாண்டைத் தட்டிவிடுவார்கள். ஒவ்வொரு ஸ்டாண்டின் காலிலும் மணல் மூட்டை வைக்கச் சொல்லுங்கள், காற்றுக்கும் அது வேண்டும். இரவில் ஃபோகஸ் லைட்டைத் தேடி வரும் பூச்சிகள் படுத்திருக்கும் மானிட்டரின் மேல்தான் உட்காரும். எழுத்துக்கு நடுவே ஒரு ஈசல் நடந்துபோவது கண்ணாடியிலும் தெரியும். ஜெனரேட்டர் மாற்றும் அந்த இரண்டு விநாடியில் லேப்டாப் பேட்டரியில் தப்பிக்கும், மானிட்டர் அணைந்து திரும்ப எழும். யுபிஎஸ் மானிட்டர்களுக்குத்தான் முதலில் தேவை. கேபிள் தூரம் 15 மீட்டரைத் தாண்டினால் எச்டிஎம்ஐ வேண்டாம், நீண்ட தூரத்துக்குத் தாங்கும் எஸ்டிஐ வீடியோ கேபிள் கேளுங்கள்.

எது எடுத்தாலும் போடியத்தில் அச்சுப் பிரதி இருந்தே தீர வேண்டும். எழுத்தின் அளவு 22 பாயிண்ட், ஒரு பக்கம் மட்டும், தாளின் கீழ் மூன்றில் ஒரு பங்கு காலி. அப்போதுதான் கண் மிகவும் தாழாது. வாக்கியம் பக்கம் தாண்டக் கூடாது. பக்க எண் வலது மேல் மூலையில் பெரிதாக. கண்ணாடி ஓடும்போதும் தலைவர் தாளைப் பக்கம் பக்கமாக நகர்த்திக்கொண்டே வர வேண்டும். இல்லையென்றால் எழுத்து நின்றதும் முதல் பக்கத்திலிருந்து தேடுவார். ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள். தாளைப் புரட்டாமல் பக்கவாட்டில் தள்ள வேண்டும். புரட்டினால் அந்தச் சரசரப்பை மைக் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.