கால்கூர்லி பாலைவனத்துல 4 வருஷம் தங்கம் தேடுனேன்: வரவு, செலவு, ஈத்தொல்லை

ஊருக்கு வந்து ஆறு மாசம் ஆச்சு, பாளையங்கோட்டை மார்க்கெட்டுல யாரைப் பாத்தாலும் ‘என்னடே, பாலைவனத்துல தங்கம் பொறுக்குனியாம்லா, எத்தன கிலோ?’ன்னுதான் கேக்கான். ஒவ்வொருத்தனுக்கா சொல்லி வாய் வலிக்கு, அதான் மொத்தமா எழுதிப் போடுதேன்.

மேற்கு ஆஸ்திரேலியாவுல கால்கூர்லி சுரங்கத்துல ஃபிட்டரா இருந்தேன். கம்பெனி தங்கம் வேற, நான் சொல்லுதது லீவு நாள்ல உள்ளூர் கிளப்போட போய் பொழுதுபோக்கா தேடுதது. கணக்க மொதல்லயே சொல்லிருதேன். 4 சீசன்ல முப்பது சொச்சம் தடவ போய் கெடச்சது மொத்தம் 11.4 கிராம், ஒன்றரை பவுன் கூட முழுசா தேறல. பெருசு 2.1 கிராம், கால் பவுனுக்குக் கொஞ்சம் கூட. மண்ணுக்குள்ள உலோகம் கெடந்தா சத்தம் குடுக்குத மெஷின், அதான் டிடெக்டர், செகண்ட் ஹேண்ட்லயே 3,200 டாலர், வரும்போது 2,400க்கு வித்தேன், அதுபோக டீசல், டயர், கிளப் சந்தா. நஷ்டம்தான் வே, சந்தேகமே வேண்டாம்.

லைசென்ஸ் விஷயம் லேசு. மைனர்ஸ் ரைட்னு ஒரு சீட்டு, நான் வாங்கும்போது முப்பது டாலருக்குள்ள, ஆயுசுக்கும் செல்லும். ஆனா நெலம் பூரா ஏதாவது கம்பெனி ஆய்வு லைசென்ஸுல கெடக்கும், அதுக்குள்ள போக தனி பெர்மிட், மூணு மாசந்தான். மேப்ப வச்சிக்கிட்டு மல்லுக்கட்டுதத கிளப்காரங்களே பாத்துக்கிட்டாவ. கிளப்புல சேந்ததுக்கு இது ஒண்ணே போதும்.

மொத ஏழு தடவ ஒண்ணுமே இல்ல. 1893-ல பேடி ஹன்னன் அங்க தங்கத்தக் கண்டதுல இருந்து வந்தவன் போனவன் எல்லாம் போட்டுட்டுப் போன ஆணி, பூட்ஸ் ஆணி, ஈயக்குண்டு, மத்தி மீன் டப்பா மூடி, இதையெல்லாம் நான்தான் தோண்டி எடுத்தேன். ஈயம் தங்கம் மாதிரியே இனிப்பா சத்தம் குடுக்கும், பாவி. போதாததுக்கு அந்த மண்ணே இரும்பு, நம்ம தேரிக்காடு மாதிரி செக்கச்செவேல்னு இருக்கும். மண்ணுல இருக்க இரும்ப மெஷின் கண்டுக்காம இருக்க மாதிரி அரை மணிக்கொருக்க சரி பண்ணணும், கிரவுண்ட் பேலன்ஸ்னு பேரு, அத பண்ணலன்னா மெஷின் சும்மா கத்திக்கிட்டே கெடக்கும்.

கிளப்புல எழுபது வயசுப் பெரியவர் ஒருத்தர் நான் காயில, அதான் டிடெக்டர் அடியில இருக்க வட்டத் தட்ட, ஆட்டுதத ரெண்டு நாள் பாத்துட்டு, ‘நீ நடக்கே, தேடல’ன்னாரு. நான் கோலம் போடுத மாதிரி வளைச்சு வீசிக்கிட்டு இருந்துருக்கேன். அது அப்பிடி இல்ல, சாணி போட்டு வீடு மொழுகுத மாதிரி, தரையோட ஒட்டி, மொழுகுன ஓரத்து மேலயே அடுத்த கை விழணும். அவரு சொன்ன பெறகு எட்டாவது தடவ, ஒரு மணி நேரத்துல பத்தடி கூட நகரல, காதுல சின்னதா ஒரு முனகல். நாலு விரக்கடை ஆழத்துல 0.3 கிராம், உளுந்து மாதிரி. கத்துன கத்துல பக்கத்துல நின்ன கங்காரு ஓடிட்டு.

எனக்கு டிடெக்டர விட புடிச்சது டிரைபுளோயர்தான், தண்ணி இல்லாம காத்த வச்சே மண்ணுல இருந்து தங்கத்தப் பிரிக்கித மெஷின். அங்க ஆத்துத் தண்ணி கெடையாது, சுமார் 560 கிலோமீட்டர் குழாய் போட்டு கால்கூர்லிக்குத் தண்ணி வந்ததே 1903-லதான். அதுவரைக்கும் மண்ண ஒரு தட்டுல இருந்து இன்னொரு தட்டுக்கு ஊத்தி, தூசிய காத்துல பறக்க விட்டுத்தான் தங்கம் எடுத்துருக்காவ. இப்ப அதே வேலைய சல்லடையும் காத்து ஊதுத மோட்டாரும் செய்யிது. வீடியோ கால்ல காட்டுனேன், எங்க ஆச்சி, ‘பொலி தூத்துததுக்கா ஏரோப்ளேன் ஏறிப் போன? இத நம்ம களத்துலயே செஞ்சிருக்கலாம்லா’ன்னுட்டா. நூத்துக்கு நூறு சரி. பதருக்குப் பதிலா மண்ணு, நெல்லுக்குப் பதிலா தங்கம், அது தண்ணிய விட 19 மடங்கு கனம், அதனால அடியில தங்கிரும்.

கொறைன்னா ஈ. மூஞ்சிக்கு வலை போடாம டீ குடிக்க முடியாது. மூடாத பழைய சுரங்கக் குழி அங்கங்க கெடக்கு, அண்ணாந்து பாத்து நடந்தா ஆள் காலி. டிசம்பர், ஜனவரில 40 டிகிரி தாண்டும், கிளப்பே போகாது. பேட்டரி வித்த கடைக்காரன் பழசப் புதுசுன்னு தலையில கட்டிட்டான், அத நினைச்சா இப்பவும் எரியுது. அப்புறம் கிளப்புலயும் ரெண்டு பேரு இருக்கத்தான் செய்யிதானுவ, நமக்கு சிக்னல் வந்தா பைய வந்து பக்கத்துலயே ஆட்டுவானுவ.

‘தேரிக்காட்டுல தேடுவமா மச்சான்’னு கேக்கவங்களுக்கு: வேண்டாம்டே. அந்தச் செவப்பு இரும்புத் துரு, தங்கம் இல்ல. ஆதிச்சநல்லூர்ல தொல்லியல்காரர் அலெக்சாண்டர் ரீ தோண்டுனப்போ தங்க நெற்றிப்பட்டம் கெடச்சது நெசந்தான், அதுக்காக அந்தப் பக்கம் டிடெக்டரத் தூக்கிட்டுப் போனா போலீஸ்தான் வரும். 1878 பொதையல் சட்டப்படி, பொதைஞ்சு கெடந்து கெடச்ச பொருள் 10 ரூபாய்க்கு மேல போனாலே கலெக்டர்ட்ட சொல்லணும்.

நான் கொண்டாந்த சாமான்ல மிச்சம் பச்சை பிளாஸ்டிக் தட்டு ஒண்ணுதான், தங்கத்துக்காக மண்ணு அரிக்கிதது. ஆச்சி அதுல அரிசி அரிக்கா. வரிவரியா இருக்குல்லா, கல்லு நல்லா நிக்கிதாம், ஆனா விளிம்பு கைய அறுக்குன்னு தெனமும் ஒரு ஏச்சு.