வேலூரில் பழைய நகை விற்கப் போகிறீர்களா? விலையை விட எடையைக் கவனியுங்கள்

காட்பாடி காந்தி நகர் வீட்டைக் காலி செய்துவிட்டு சத்துவாச்சாரியில் சின்ன வீட்டுக்கு மாறினோம். பாத்திரம், புடவை எல்லாம் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தாயிற்று, மிஞ்சியது யாரும் போடாத நகைதான். ஜோடி தொலைந்த ஒற்றைத் தோடு, அறுந்த செயின், காது குத்துக்கு வந்த பொடி மோதிரங்கள், அப்புறம் அத்தையின் பழைய கல் நெக்லஸ். இதற்காக லாக்கர் வாடகை கட்டுவானேன், விற்றுவிடு என்று அத்தையே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம் என்றார், சரி.

முதலில் போனது, பழைய தங்கத்துக்கு உடனடிப் பணம் என்று பெரிய போர்டு வைத்த ஓர் இடம். அன்றைய மார்க்கெட் விலையே தருகிறோம் என்றார்கள், விலையில் குறை சொல்ல முடியாது. நெக்லஸ் 16.240 கிராம் இருந்தது. கல்லைக் கழற்றாமல், கண்ணால் பார்த்தே கல்லுக்கும் அரக்குக்கும் 2 கிராம் கழித்தார்கள், உருக்குச் சேதாரம் என்று இன்னொரு 5 சதவீதம், அதற்கு மேல் மெஷினில் வந்த டச், அதாவது நூற்றில் எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்ற அளவு, 88. கணக்குப் போட்டால் சுத்தத் தங்கம் 11.905 கிராம்தான் தேறியது. இதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்றதற்கு, விற்றால்தான் பில் வரும் என்றார்கள். நகையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அடுத்து மெயின் பஜார் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் சிறிய கடை. பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அவர் சாமணத்தால் ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்துக் காகிதத்தில் மடித்து அத்தை கையிலேயே கொடுத்தார், அரக்கைச் சுரண்டி எடுத்தார், மீதியை மூசையில், அதாவது உருக்கும் கிண்ணத்தில், போட்டு வெண்காரம் தூவி எங்கள் கண்ணெதிரே உருக்கினார். ஆறியதும் எடை 14.880, டச் 88.4, ஆகச் சுத்தத் தங்கம் 13.154 கிராம். அதே நெக்லஸ்! அவர் 24 காரட் விலையில் 2 சதவீதம் கழித்துக்கொண்டார், அதை முதலிலேயே சொல்லிவிட்டார். அது போனாலும் முதல் இடத்தை விடக் கிட்டத்தட்ட ஒரு கிராம் தங்கத்தின் பணம் எங்களுக்குக் கூடுதல்.

88 என்றதும் அந்தக் காலத்தில் ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். 22 காரட் என்றால் 91.6 சதவீதம், ஆனால் பழைய நகையில் பொடி (பற்றவைக்கும் கலப்பு உலோகம்) வைத்து ஊதிய இடமெல்லாம் உருக்கும்போது கலந்து டச் குறையும். மெஷின் மேல்பரப்பை மட்டும்தான் படிக்கிறது, உருக்கிப் பார்ப்பதே சரியான சோதனை. நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள நினைத்தால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் 4 நகை வரை சோதிக்க 200 ரூபாய்தான் கட்டணம். எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியான எச்யுஐடி முத்திரை இருக்கும் நகையாக இருந்தால் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டே போங்கள், டச் பற்றி யாரும் உங்களிடம் கதை சொல்ல முடியாது.

பணம்: பத்தாயிரம் ரூபாய் வரை கையில் கொடுத்தார், மீதி வங்கிக் கணக்குக்கு. வருமான வரிச் சட்டம் காரணமாகக் கடைகள் இப்படித்தான் செய்யும், மொத்தமும் ரொக்கமாகத் தருகிறேன் என்பவரிடம் உஷாராக இருங்கள். ஆதார், பான் இரண்டும் கேட்டார். பழைய பில் இருந்தால் எடுத்துப் போங்கள், பின்னால் வரிக் கணக்குக்கும் உதவும். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த தங்கத்தை விற்றால் லாபத்துக்கு இப்போது 12.5 சதவீதம் வரி. அப்புறம் ஒன்று, வங்கியில் வாங்கிய தங்கக் காசு என்றாலும் வங்கி திரும்ப வாங்காது, அதுவும் நகைக்கடைக்குத்தான் போக வேண்டும்.

கடையில் குறை இல்லாமல் இல்லை. உட்கார ஒரே ஒரு ஸ்டூல், அடுப்பும் ஒன்றுதான், முன்னால் யாராவது இருந்தால் வயதானவர்கள் படியில் நின்றுகொண்டே காத்திருக்க வேண்டும். இதை அவரிடமே சொன்னோம், பெஞ்ச் போடுகிறேன் என்றார். பஜாரில் வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்காது, அதனால் கடை திறந்த கையோடு போய்விடுங்கள், அடுப்பும் அப்போது சும்மாதான் இருக்கும்.