மளிகை அலமாரி: சில வருடம் புழங்கிய பிறகு தேறியது எது?

வாங்கிய புதிதில் எல்லா டப்பாவும் அழகாகத்தான் இருக்கும். தினமும் திறந்து மூடி, தேய்த்துக் கழுவி, இரண்டு முறை கைதவறிக் கீழே போட்ட பிறகுதான் சங்கதி தெரியும். என் கணக்கில் டப்பாவுக்குக் கொடுக்கும் காசு முழுக்க மூடிக்குத்தான்.

நாலு பக்கமும் கொக்கி போட்டுப் பூட்டும் பிளாஸ்டிக் மூடியில் முதலில் போவது கொக்கி மடங்கும் இடம். அந்த மெல்லிய மடிப்பில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்துவிட்டால் அப்புறம் அதிக நாள் தாங்காது. பொத்தானை அழுத்திப் பூட்டும் வகை பார்க்க ஜோர். கழுவும்போது உள்ளே போன தண்ணீர் லேசில் காயாது. திருகு மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் எனக்கு ஒரு குறையும் இல்லை, கனத்தைத் தவிர. தோளுக்கு மேல் இருக்கும் தட்டில் மட்டும் அதை வைப்பதில்லை.

மூடிக்குள் இருக்கும் சிலிகான் வளையத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. வாடையை அப்படியே இழுத்து வைத்துக்கொள்ளும். மசாலாத் தூள் இருந்த டப்பாவை எத்தனை முறை கழுவிச் சர்க்கரை போட்டாலும் சர்க்கரையில் மசாலா மணக்கும். வளையம் உட்காரும் பள்ளத்தில் மாவு வேறு சேரும். பூச்சிக்கு அது போதும். அதனால் வளையத்தைக் கழற்றிக் கழுவ முடியாத மூடியை நான் வாங்குவதே இல்லை.

பூச்சி என்றதும் ஒன்று. காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் வண்டே வராது என்பது பாதிதான் உண்மை. அரிசி வண்டு மணியைத் துளைத்து அதற்குள்ளேயே முட்டையிடும். பல சமயம் வாங்கி வரும்போதே உள்ளே இருக்கும். நல்ல டப்பா செய்வதெல்லாம், ஒன்றில் வந்தது பக்கத்து டப்பாவுக்குப் பரவாமல் பார்த்துக்கொள்வதுதான். மெல்லிய பிளாஸ்டிக் பையையோ புழு கடித்துத் துளைத்துவிடும். முட்டையும் சாக வேண்டுமென்றால் ஃப்ரீசரில் −18 டிகிரியில் நாலு நாள் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். குளிர் முழுக்கத் தணியும்வரை விடாவிட்டால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

வட்ட டப்பாக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிட்டேன். ஒரே அகலமுள்ள சதுர டப்பா பிடிக்கும் இடத்தில் வட்ட டப்பாவை வைத்தால் ஏறக்குறைய 21 சதவீதம் இடம் மூலைகளில் வீணாகிறது. சின்ன அலமாரிக்கு இது பெரிய விஷயம். சுழல்தட்டும் இதே கதைதான்: எண்ணெய், சாஸ் பாட்டில்களுக்கு அருமை, பாக்கெட்டுகளுக்கு உதவாது.

எல்லாவற்றையும் ஜாடிக்கு மாற்றும் பழக்கமும் போய்விட்டது. தினம் எடுப்பதும் பூச்சி பிடிப்பதும் மட்டும் டப்பாவில்; மற்றவை பாக்கெட்டோடு ஒரு கூடையில் நிற்கின்றன. காலாவதித் தேதியாவது கண்ணில் படும். டப்பாவில் போடுபவற்றுக்கு மாஸ்கிங் டேப்பில் தேதி எழுதிப் பின்பக்கம் ஒட்டுகிறேன். பழையதன் தலையில் புதியதைக் கொட்டுவது கிடையாது. பழையதை ஒரு பாத்திரத்தில் கவிழ்த்து, டப்பாவைத் துடைத்து, புதியது கீழே, பழையது மேலே. முழுத்தானிய மாவில் இது ரொம்ப முக்கியம். முளைக்கருவில் இருக்கும் எண்ணெயால் அது வெள்ளை மாவைவிடச் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். அதற்குச் சின்ன டப்பாவே போதும்.

புதிதாக வாங்குபவர்கள் மூடி தனியாகக் கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மூடி உடைந்த நல்ல டப்பாக்கள் என்னிடம் இன்னும் இருக்கின்றன. நூல்கண்டும் பேட்டரியும் போட்டு வைத்திருக்கிறேன்.